வாடகை வரம்பும் குடியிருக்கும் உரிமையும்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2021ஆம் ஆண்டு ஜூன் 2 அன்று ஒன்றிய அமைச்சரவை மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. பின்னர் அது மாநிலங்களுக்கு அனுப்பிவைக்கப்பட்டது. அப்போது அரசுத் தரப்பில் ஓர் உறுதி கூறப்பட்டது: இச்சட்டம் இனிமேல் ஏற்படும் வாடகை ஒப்பந்தங்களுக்கே பொருந்தும், ஏற்கெனவே குடியிருப்போரை இது பாதிக்காது. இந்த ஒரு வாக்கியம் எழவிருந்த எதிர்ப்பில் பெரும்பகுதியைத் தணித்துவிட்டது. பழைய வாடகைதாரர்கள் தமக்கு ஆபத்தில்லை என்று ஒதுங்கினர். நாளை வாடகைக்கு வரவிருப்போருக்கு இன்று சங்கம் இல்லை; குரலும் இல்லை.

அந்த உறுதிமொழி எவ்வளவு தூரம் மெய்யானது என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம். அதற்கு இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்ள வேண்டும். வாடகையை நிர்ணயிப்பது யார்? குடியிருப்பவரை எந்தக் காரணத்துக்காக வெளியேற்றலாம்? சட்ட நூல்கள் இவ்விரண்டையும் தனித்தனி அத்தியாயங்களில் வைக்கின்றன. வாடகை வீட்டில் வாழும் உழைப்பாளிக்கோ இரண்டும் ஒரே கேள்விதான்.

வாடகையின் தன்மை

வாடகைப் பிரச்சினையை மார்க்சியம் எவ்வாறு அணுகுகிறது என்பதில் முதலில் தெளிவு வேண்டும். 1872இல் எங்கெல்ஸ் எழுதிய ‘குடியிருப்புப் பிரச்சினை’ கட்டுரைகள் ஒரு தவறான கருத்தை மறுத்து எழுதப்பட்டவை. வாடகைதாரருக்கும் வீட்டு உரிமையாளருக்கும் உள்ள உறவு, கூலித் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் உள்ள உறவைப் போன்றதே என்று புரூதோனின் வழிவந்தோர் கூறினர். எங்கெல்ஸ் இதை ஏற்கவில்லை. தொழிலாளி வீட்டு உரிமையாளரிடம் உழைப்புச் சக்தியை விற்கச் செல்வதில்லை. பெற்ற கூலியைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குபவராகச் செல்கிறார். உபரி மதிப்பு ஆலையில் உருவாகிறது. வாடகை அதை மறுபடியும் பங்கிட்டுக்கொள்ளும் வழிகளுள் ஒன்று.

இந்த வேறுபாடு ஏட்டளவிலானது அன்று. கூலி உயர்வுக்காக ஓராண்டு போராடி மாதம் ஆயிரம் ரூபாய் பெறும் தொழிலாளியிடமிருந்து, அடுத்த மாதமே வாடகை உயர்வாக அந்த ஆயிரம் ரூபாயும் பறிபோகலாம். அப்போது தொழிற்சங்கம் வென்றது வீட்டு உரிமையாளரின் கணக்கில் போய்ச் சேருகிறது. ஆகவே வாடகைக்கு வரம்பு கோருவது கூலிப் போராட்டத்தைக் காக்கும் போராட்டமாகும்.

வாடகை உயர்வது ஏன்? ஒரு தெருவில் உள்ள வீடு இருபது ஆண்டுகளில் பழையதாகிறது, சுவர் விரிசலிடுகிறது, குழாய் துருப்பிடிக்கிறது. ஆனால் வாடகை பன்மடங்காகிறது. அரசு செலவில் சாலை வந்தது, மெட்ரோ ரயில் வந்தது, மருத்துவமனை வந்தது, ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் ஆலையோ அலுவலகமோ அருகில் வந்தது. இடத்தின் மதிப்பை உயர்த்தியது சமுதாயம். அந்த உயர்வைத் தனிச்சொத்தாக வசூலிப்பவர் நிலத்தின் உடைமையாளர். ‘மூலதன’த்தின் மூன்றாம் தொகுதியில் கட்டட மனைகளின் வாடகை பற்றி மார்க்ஸ் கூறுவதன் சாரமும் இதுவே.

இன்னொரு செய்தியையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். புதிதாக வீடு தேடுபவருக்கு நான்கு வீடுகளைப் பார்க்கும் வாய்ப்பாவது உண்டு. ஏற்கெனவே குடியிருப்பவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. பிள்ளைகளின் பள்ளி அங்கே இருக்கிறது. ரேஷன் அட்டையும் எரிவாயு இணைப்பும் வாக்காளர் பட்டியலும் அந்த முகவரியில் இருக்கின்றன. கடன் தரும் மளிகைக் கடை அந்தத் தெருவில்தான் உள்ளது. வீடு மாறுவதென்றால் புதிய முன்பணம், தரகுக் கூலி, வண்டிக் கூலி, இழக்கும் வேலைநாள்கள் எல்லாம் சேரும். இவற்றையெல்லாம் வீட்டு உரிமையாளர் அறிவார். ஒப்பந்தம் முடியும் நாளில் அவர் கேட்கும் உயர்வு, இந்தச் செலவுகளைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால் போதும், குடியிருப்பவர் பணிந்துவிடுவார். இரு தரப்பினரும் சமமாக அமர்ந்து பேசி ஒப்பந்தம் செய்கின்றனர் என்ற கற்பனை இங்கேதான் உடைகிறது.

இதனால்தான் வாடகை வரம்பும் குடியிருக்கும் உரிமையும் ஒன்றை ஒன்று தாங்கி நிற்கின்றன. வரம்பு மட்டும் இருந்து வெளியேற்றத்திலிருந்து பாதுகாப்பு இல்லையெனில், உரிமையாளர் பழையவரைக் காலி செய்யச் சொல்லிவிட்டுப் புதியவரிடம் கூடுதல் வாடகை பெறுவார். பாதுகாப்பு மட்டும் இருந்து வரம்பு இல்லையெனில், செலுத்த இயலாத வாடகையைக் கேட்டே வெளியேற்றிவிடுவார். ஒன்றைப் பறித்தால் மற்றொன்று தானே செயலிழக்கும்.

உரிமை பிறந்த வரலாறு

வாடகைக் கட்டுப்பாடு ஆட்சியாளர்களின் கருணையால் வந்ததன்று. முதல் உலகப் போரின்போது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஆயுத ஆலைகளுக்குத் தொழிலாளர்கள் வந்து குவிந்தனர். வீட்டு உரிமையாளர்கள் வாடகையை உயர்த்தினர். 1915இல் மேரி பார்பர் போன்ற உழைக்கும் வர்க்கப் பெண்களின் தலைமையில் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வாடகை கொடுக்க மறுத்தன. கப்பல் கட்டும் தொழிலாளர்கள் அவர்களுக்குத் துணை நின்றனர். அவ்வாண்டு இறுதிக்குள் வாடகையைப் போருக்கு முந்தைய நிலையில் நிறுத்திவைக்கும் சட்டத்தை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

அதே போர்க்கால நெருக்கடி இந்தியத் துறைமுக நகரங்களையும் தாக்கியது. பம்பாயில் 1918இலும் கல்கத்தாவில் 1920இலும் வாடகைச் சட்டங்கள் வந்தன. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில், 1939இல், புதுதில்லிக்கு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பிரிவினைக்குப் பின் அகதிகள் பெருமளவில் குடியேறிய தில்லியில் வீட்டுத் தட்டுப்பாடு கடுமையாயிற்று. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டமும், 1952ஆம் ஆண்டின் சட்டத்துக்கு மாற்றாக வந்த 1958ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இந்தச் சூழலில் பிறந்தவை.

தில்லிச் சட்டத்தின் அமைப்பைத் தோழர்கள் அறிந்திருப்பது நல்லது. அதன் 14ஆம் பிரிவு, வாடகைதாரரை வெளியேற்றக் கூடாது என்பதைப் பொது விதியாக்கியது. வெளியேற்றத்துக்குரிய காரணங்களை விதிவிலக்குகளாகப் பட்டியலிட்டது. வாடகைக்கு ரசீது பெறுவது வாடகைதாரரின் உரிமை. உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்தால், அதைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் செலுத்தலாம். குடிநீரையும் மின்சாரத்தையும் துண்டிப்பது தண்டனைக்குரியது. முதல் முறை வாடகை நிலுவை வைத்தவர், உத்தரவிடப்பட்டபடி நிலுவையைச் செலுத்தினால் வீட்டை இழக்க மாட்டார். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பது மட்டுமே வெளியேற்றக் காரணமாகாது. இந்தக் கடைசிக் கூறுதான் ‘ஏற்கெனவே குடியிருப்பவர்’ என்ற நிலைக்குச் சட்டம் தந்த மதிப்பு.

கேரளத்தின் 1965ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. உரிமையாளருக்குச் சொந்தத் தேவை உண்மையாகவே இருந்தாலும், அந்தக் கட்டடத்தில் நடத்தும் தொழிலின் வருமானத்தையே வாடகைதாரர் முதன்மையாக நம்பி வாழ்கிறார் என்றால், அப்பகுதியில் பொருத்தமான வேறு இடமும் கிடைக்கவில்லை என்றால், அவரை வெளியேற்ற உத்தரவிடலாகாது என்று 11ஆம் பிரிவு கூறுகிறது. தையற்கடைக்காரரும் தேநீர்க் கடைக்காரரும் சொத்துரிமைக்கு எதிரே தமது பிழைப்பை ஓர் உரிமையாக நிறுத்த இது வழி தந்தது.

அரித்தெடுக்கப்பட்ட விதம்

இந்தப் பாதுகாப்புகள் ஒரே நாளில் நீக்கப்படவில்லை. சிறிது சிறிதாக அரிக்கப்பட்டன. அந்த வழிமுறையைப் புரிந்துகொண்டால் 2021இன் உறுதிமொழியையும் எடைபோட முடியும்.

முதலாவது, பெயர் மாற்றம். பம்பாயில் வாடகைச் சட்டத்திலிருந்து தப்ப, உரிமையாளர்கள் வாடகை என்ற சொல்லையே தவிர்த்து ‘அனுமதி உரிம’ ஒப்பந்தங்களை எழுதினர். இது பெருகியதைக் கண்டு, 1973 பிப்ரவரி 1 அன்று அத்தகைய உரிமத்தின் பேரில் குடியிருந்தோர் வாடகைதாரர்களாகவே கருதப்படுவர் என்று சட்டம் திருத்தப்பட்டது. அந்த நாளில் குடியிருந்தோர் காக்கப்பட்டனர். அதற்குப்பின் வந்தோர் மறுபடியும் உரிமதாரர்களே. நாட்டின் பிற நகரங்களில் 11 மாத ஒப்பந்தம் இதே வேலையைச் செய்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது பதிவுச் சட்டம்; எனவே ஒரு மாதம் குறைக்கப்படுகிறது. அதே வீட்டில் பத்தாண்டுகள் வாழ்ந்தவரும் காகிதத்தில் பத்து முறை புதியவராகிறார்.

இரண்டாவது, நடைமுறை மாற்றம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1975 டிசம்பர் முதல், தில்லிச் சட்டத்தில் சுருக்க விசாரணை முறை புகுத்தப்பட்டது. உரிமையாளர் சொந்தத் தேவை என்று மனுச் செய்தால், 15 நாள்களுக்குள் வாதாட அனுமதி கேட்டு வாடகைதாரர் மனுச் செய்ய வேண்டும். தவறினால் வெளியேற்ற உத்தரவு. உரிமை ஏட்டில் அப்படியே இருந்தது. அதைப் பயன்படுத்தும் கால அவகாசம் சுருங்கியது.

மூன்றாவது, எல்லை மாற்றம். 1988ஆம் ஆண்டுத் திருத்தம் மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டும் கட்டடங்களைத் தில்லிச் சட்டத்தின் வரம்பிலிருந்தே நீக்கியது. அன்று அது செல்வந்தர்களின் வாடகை. அந்தத் தொகை விலைவாசியோடு உயர்த்தப்படவில்லை. இன்று தில்லியில் புதிதாக வாடகைக்கு வரும் கீழ்நடுத்தரக் குடும்பமும் அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது. ஒரு சொல்லைக்கூட மாற்றாமல், பணவீக்கமே சட்டத்தைத் திருத்திவிட்டது.

நான்காவது, மேலிருந்து வந்த நிபந்தனை. 2005 டிசம்பரில் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்பு இயக்கத்தின் நிதியைப் பெற, மாநிலங்கள் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தை ரத்து செய்யவும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களைச் சீர்திருத்தவும் வேண்டியிருந்தது. குடிநீருக்கும் சாலைக்கும் தரப்பட வேண்டிய பணம், வாடகைதாரரின் உரிமைக்கு விலையாக வைக்கப்பட்டது.

எதிர்வாதங்களுக்கு விடை

வாடகைக் கட்டுப்பாட்டின் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகளை அலட்சியமாகத் தள்ளிவிடுவது கட்சியின் வாதத்தைப் பலவீனமாக்கும். அவற்றில் உண்மையும் உண்டு.

பம்பாய்ச் சட்டத்தின் கீழ்ப் பல கட்டடங்களின் வாடகை 1940 செப்டம்பர் 1 அன்றிருந்த தொகையில் நின்றுபோனது. பழுது பார்க்கும் செலவுக்கும் போதாத வாடகையால் கட்டடங்கள் சிதைந்தன. பழுது பார்க்க 1969இல் தனி வாரியம் அமைக்கவும், தீர்வை வசூலிக்கவும் வேண்டியதாயிற்று. மழைக்காலந்தோறும் மும்பையில் பழைய கட்டடம் இடிந்து உயிர்ச்சேதம் ஏற்படும்போது, இறப்பவர்களும் அந்த வாடகைதாரர்களே. 1997 டிசம்பரில் மல்பே விஸ்வநாத் ஆச்சார்யா வழக்கில் உச்ச நீதிமன்றம், தொடக்கத்தில் நியாயமாக இருந்த இந்த வாடகை உறைநிலை காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என்று தீர்ப்பளித்தது. சட்டம் விரைவில் காலாவதியாக இருந்ததால் அதை ரத்து செய்யவில்லை.

குறைந்த வாடகையின் பலன் உழைப்பாளிகளுக்கு மட்டும் போகவில்லை என்பதும் உண்மை. பெரு நிறுவனங்களும் வங்கிகளும் நகரின் மையத்தில் அற்ப வாடகையில் அமர்ந்திருந்தன. ‘பகடி’ என்னும் பெருந்தொகையைக் கைமாற்றி வாடகை உரிமையே விற்கப்பட்டது. மறுபுறம், ஒரே ஒரு வீட்டின் மாடியை வாடகைக்கு விட்டு முதுமையைக் கழிக்கும் ஓய்வுபெற்ற ஊழியரும் உரிமையாளர்தான்.

இவற்றுக்கு விடை இல்லாமல் இல்லை. 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிரச் சட்டம் வங்கிகளையும் பொதுத்துறை நிறுவனங்களையும் ஒரு கோடி ரூபாயோ அதற்கு மேலோ செலுத்தப்பட்ட மூலதனம் கொண்ட கம்பெனிகளையும் பாதுகாப்பிலிருந்து நீக்கியது. சாதாரண வாடகைதாரருக்கு ஆண்டுக்கு 4 விழுக்காடு உயர்வை அனுமதித்து வெளியேற்றப் பாதுகாப்பைத் தொடர்ந்தது. அதே சட்டம் பகடியைச் சட்டபூர்வமாக்கியது, அது தவறு. ஆனால் உறைந்துபோன வாடகையைத் தளர்த்துவதற்காகக் குடியிருக்கும் உரிமையைப் பறிக்க வேண்டியதில்லை என்பதை அதன் அமைப்பே நிரூபிக்கிறது. இடது முன்னணி ஆட்சிக் காலத்து மேற்கு வங்கத்தின் 1997ஆம் ஆண்டுச் சட்டமும், வாடகைதாரர் இறந்தபின் வாரிசுகளின் உரிமைக்குப் பொதுவாக 5 ஆண்டு எல்லை வைத்தது. வாடகை உரிமை தலைமுறை தலைமுறையாகச் சொத்துப்போல் இறங்கிச் செல்வதை இடதுசாரிகள் கேள்வியின்றி ஆதரிக்கவில்லை.

கட்டுப்பாடு இருப்பதால்தான் வீடுகளைப் பூட்டி வைக்கின்றனர் என்பது இன்னொரு வாதம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகர்ப்புறங்களில் சுமார் 1 கோடியே 11 லட்சம் வீடுகள் காலியாக இருந்தன. 2012இல் ஒன்றிய அரசின் தொழில்நுட்பக் குழு கணக்கிட்ட நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை 1 கோடியே 88 லட்சம். அதில் ஏறக்குறைய 96 விழுக்காடு நலிந்த பிரிவினர், குறைந்த வருமானப் பிரிவினர் ஆகியோருக்குரியது. பற்றாக்குறை ஏழைகளிடம், கட்டிப் பூட்டிய அடுக்ககங்களோ முதலீட்டாளர்களிடம். வாடகைச் சட்டத்தின் எல்லைக்கே வராத புதிய அடுக்ககங்கள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன என்பதற்கு இந்த வாதத்தில் விடை இல்லை. மனை விலை ஏறும் வரை காத்திருப்பது வாடகையை விட லாபம் தருகிறது என்பதே விடை.

மாதிரிச் சட்டம் சொல்வது என்ன?

இனி மாதிரிச் சட்டத்தைப் பார்க்கலாம். அதில் வரவேற்கத்தக்க கூறுகள் உள்ளன. குடியிருப்புக்கு முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேற்படக் கூடாது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம். குடிநீர், மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது. முன்னறிவிப்பின்றி உரிமையாளர் வீட்டுக்குள் நுழையக் கூடாது. இவற்றை எதிர்க்க வேண்டியதில்லை; நடைமுறைப்படுத்தக் கோர வேண்டும்.

ஆனால் சட்டத்தின் அடித்தளம் வேறு. வாடகை என்பது இரு தரப்பினரும் ஒப்புக்கொண்ட தொகை. அதன் உயர்வும் ஒப்பந்தப்படியே. நியாய வாடகை என்ற கருத்தே இல்லை. உயர்வு குறித்துத் தகராறு எழுந்தால் வாடகை அதிகாரி முடிவு செய்யலாம் என்றாலும், எந்த அளவுகோலின்படி என்று அவருக்கு வழிகாட்டும் வரம்பு ஏதும் கூறப்படவில்லை. அந்த வாடகையைச் செலுத்த உடன்படாமையே வெளியேற்றக் காரணங்களுள் முதலாவதாக நிற்கிறது. ஒப்பந்தக் காலம் முடிந்தும் வெளியேறாதவர் முதல் இரண்டு மாதங்களுக்கு இருமடங்கும், அதன்பின் நான்கு மடங்கும் வாடகை தர வேண்டும். இந்தத் தகராறுகளில் சிவில் நீதிமன்றத்துக்கு இடமில்லை. முதல் இரண்டு நிலைகளிலும் வருவாய் நிர்வாக அதிகாரிகளே தீர்ப்பளிப்பர்.

ஒப்பந்தத்தின் கடைசி நாளில் குடும்பம் இருக்கும் நிலையைத் தோழர்கள் எண்ணிப் பார்க்கட்டும். உரிமையாளர் கூடுதல் வாடகை கேட்கிறார். ஏற்றால் கூலியில் பெரும்பகுதி போகிறது. மறுத்தால் மறுநாள் முதல் இருமடங்கு ஓடத் தொடங்குகிறது. ஒப்பந்தம் நீடிக்கும் காலத்தில் மட்டும் அந்தக் குடும்பத்துக்கு உரிமை உண்டு. அது முடிந்ததும், அதே வீட்டில் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அத்துமீறியவராகிறது. ‘ஏற்கெனவே குடியிருப்பவர்’ என்ற நிலைக்குத் தனி மதிப்பு எதுவுமில்லை.

பழைய வாடகைதாரர் பாதிக்கப்பட மாட்டார் என்ற உறுதிமொழிக்கு இப்போது வரலாம். தமிழ்நாடு இதில் முன்னோடி மாநிலம். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அகற்றி, மாதிரிச் சட்டத்தின் முந்தைய வரைவைத் தழுவி 2017இல் இயற்றப்பட்ட சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே வாடகையில் இருப்போரும் குறித்த காலத்துக்குள் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும் என்று அது கூறியது. அவ்வாறு ஒப்பந்தம் ஏற்படாமையே உரிமையாளர் கட்டடத்தைத் திரும்பப் பெறக் காரணமாக்கப்பட்டது. உரிமையாளர் புதிய வாடகையைச் சொல்கிறார், பழைய வாடகைதாரர் ஏற்கவில்லை, ஒப்பந்தம் ஏற்படவில்லை, ஆகவே வெளியேற்றம். வாய்மொழி ஏற்பாட்டில் முப்பது ஆண்டுகள் கடை நடத்தியவர்கள் இந்தப் பிரிவின் கீழ் நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தது. உத்தரப் பிரதேசமும் 2021இல் தனது 1972ஆம் ஆண்டுச் சட்டத்தை அகற்றிப் புதிய சட்டம் இயற்றியது.

ஏற்கெனவே உள்ள ஒப்பந்தங்களை நேராகத் தொடாத மாநிலத்திலும் முடிவு வேறாக இராது. பாதுகாக்கப்பட்ட வாடகைதாரர் இறப்பார், இடம்பெயர்வார், புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட நேரும். ஒவ்வொரு முறையும் அந்த வீடு பழைய சட்டத்திலிருந்து புதியதற்கு மாறும். எதிர்த்திசையில் ஒரு வீடும் மாறாது. பழையவர்களின் எண்ணிக்கை குறையக் குறைய, எஞ்சியோரைச் சலுகை பெற்ற சிறு கூட்டமாகச் சித்திரித்து அவர்களது உரிமையையும் நீக்குவது எளிதாகிவிடும். ஆகவே புதிய வாடகைதாரரின் உரிமைக்காகப் போராடாமல் பழைய வாடகைதாரர் தம்மைக் காத்துக்கொள்ள முடியாது.

சட்டத்துக்கு வெளியே நிற்போர்

இவ்வளவு பேசிய பின்னும், பழைய சட்டமும் புதிய சட்டமும் எட்டிப் பார்க்காத வாடகைதாரர்கள் பெருந்திரளாக உள்ளனர். தில்லி-ஹரியானா எல்லையில் உள்ள கபஷேரா, மானேசர் போன்ற தொழிற்பகுதிகளில், வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட சிற்றறைகளில் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் வாழ்கின்றனர். ரசீது கிடையாது. மின்சாரத்துக்கு உரிமையாளர் சொன்னதே கட்டணம். மளிகையை அவரது கடையிலேயே வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் பல இடங்களில் உண்டு. இங்கே நிலவுடைமையின் பழைய பிடியும் ஆலை முதலாளித்துவத்தின் புதிய பிடியும் ஒரே அறையில் சந்திக்கின்றன.

கொரோனா ஊரடங்கின்போது, 2020 மார்ச் 29 அன்று, ஒன்றிய உள்துறை அமைச்சகம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. புலம்பெயர்ந்தோர் உள்ளிட்ட தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது. தொழிலாளர்களையும் மாணவர்களையும் கட்டாயப்படுத்தி வெளியேற்றினால் நடவடிக்கை எடுக்கப்படும். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் அதிகாரத்தோடு வந்த உத்தரவு அது. எனினும் நெடுஞ்சாலைகளில் இலட்சக்கணக்கானோர் நடந்தனர். வேலை இழந்ததோடு, வாடகை தர இயலாது என்ற அச்சமும் அவர்களை நடக்க வைத்தது. ஒப்பந்தமும் ரசீதும் இல்லாத ஒருவர் தாம் வாடகைதாரர் என்பதையே நிறுவ முடியாதபோது உத்தரவு யாரைக் காக்கும்?

மும்பை தாராவியின் மறுகட்டுமானமும் இதே பாடத்தைத் தருகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழ் உழைப்பாளிகள் பல தலைமுறைகளாக வாழும் பகுதி அது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவிக்குள்ளேயே வீடு என்பது திட்டம். மேல்தளங்களில் இருப்போருக்குத் தாராவிக்கு வெளியே, வாடகையாகச் செலுத்திப் பின்னர் சொந்தமாக்கிக்கொள்ளும் ஏற்பாடு. மேல்தளங்களில் இருப்போரில் பெரும்பகுதியினர் வாடகைதாரர்களே. ஒரே ஏணியின் கீழும் மேலும் வாழ்ந்த இரு குடும்பங்கள் இரு வேறு உரிமைகளுக்குரியவையாகின்றன.

கோரிக்கையும் பணியும்

இவற்றிலிருந்து கிடைக்கும் முடிவுகளைச் சுருக்கமாகக் கூறலாம். வாடகைக்கு வரம்பு வேண்டும். அது 1940இல் உறைந்து நிற்கும் வரம்பாக இராமல், பழுது பார்ப்புச் செலவையும் விலைவாசியையும் கணக்கிட்டு ஆண்டுதோறும் அறிவிக்கப்படும் உயர்வாக இருக்க வேண்டும். அந்த உயர்வைச் செலுத்த முன்வரும் வாடகைதாரருக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் உரிமை வேண்டும். காலம் முடிந்தது என்பது மட்டுமே வெளியேற்றக் காரணமாகக் கூடாது. சிறு வணிகருக்குக் கேரளச் சட்டம் தரும் பிழைப்புப் பாதுகாப்பு எல்லா மாநிலங்களிலும் வேண்டும். தில்லியில் 2008ஆம் ஆண்டு சத்தியவதி சர்மா வழக்கின் தீர்ப்புக்குப்பின், கடைகளுக்கும் சொந்தத் தேவை என்ற காரணத்தைக் காட்டி வெளியேற்ற முடிகிறது என்பதால் இது மேலும் அவசியமாகிறது. ஒற்றை மாடியை வாடகைக்கு விடும் முதியவரையும் நூறு அறைகளின் உரிமையாளரையும் சட்டம் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். முன்னவருக்கு விரைவான தீர்வும் பின்னவருக்குக் கடுமையான வரம்பும் பொருந்தும். அரசே வாடகை வீடுகளைக் கட்ட வேண்டும் என்ற கோரிக்கை இல்லாமல் இவை எதுவும் நிறைவு பெறாது.

சட்டம் வரும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. கிளைகள் இன்றே செய்யத்தக்க பணிகள் உண்டு. வாடகையை வங்கி வழியாகவோ கைப்பேசிப் பணப்பரிமாற்றம் வழியாகவோ செலுத்தச் சொல்லிப் பழக்க வேண்டும். ரசீது தர மறுக்கும் உரிமையாளருக்கு எதிராக அதுவே சான்று. வாடகையை வாங்க மறுத்து நிலுவை என்று வழக்குத் தொடுப்பது பழைய தந்திரம். மறுத்த உடனே அந்தந்த மாநிலச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் செலுத்த உதவ வேண்டும். மின் இணைப்பைக் கட்டட உரிமையாளர் மட்டுமின்றிக் குடியிருப்பவரும் கோரலாம் என்று 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு கூறுகிறது. நீதிமன்ற உத்தரவின்றிப் பூட்டை உடைத்துப் பொருளை வெளியே எறிந்தால், குறித்துணர் நிவாரணச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி ஆறு மாதங்களுக்குள் வழக்குத் தொடுத்து உடைமையைத் திரும்பப் பெறலாம். இச்செய்திகள் ஒரு துண்டறிக்கையில் அடங்கும். அவற்றைத் தனி ஆளாக அறிந்திருப்பவர் அஞ்சுவார். ஒரு வரிசை வீடுகளில் எல்லோரும் அறிந்திருந்தால் உரிமையாளர் யோசிப்பார்.

தொழிற்சங்கத் தோழர்களுக்குக் குறிப்பாக ஒன்று. ஆலை வாயிலில் அமைப்பு உண்டு. அதே தொழிலாளர்கள் உறங்கும் வரிசை வீடுகளில் அமைப்பு இல்லை. கிளாஸ்கோவில் ஆலையும் தெருவும் சேர்ந்தபோதுதான் வாடகைக்கு வரம்பு வந்தது. வாடகைதாரர் சங்கத்தைத் தொழிற்சங்கத்தின் ஓய்வு நேரப் பணியாகக் கருதும் போக்கு மாற வேண்டும். பழைய வாடகைதாரரையும் நேற்று வந்த வாடகைதாரரையும் ஒரே சங்கத்தில் சேர்ப்பதே அதன் முதல் கடமை. அவர்களைப் பிரித்துவைப்பதில்தான் 2021இன் உறுதிமொழி வெற்றி பெற்றிருக்கிறது.